மலைநாட்டில் எம்.பி.ஆர். பிளாண்ட்: மெம்பிரேன் அடைபடாமல் காப்பது எப்படி?

நான் படித்தது மின்சார வேலை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆனபோது, "கீழே இருக்கிற கழிவுநீர் பிளாண்டையும் நீயே பார்த்துக்கொள்" என்று சாவியைக் கொடுத்தார்கள். பயிற்சி என்று நடந்தது அரை நாள், அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். அடுத்த ஏப்ரல் சீசனில், அறைகள் எல்லாம் நிறைந்திருந்த ஒரு ராத்திரி, உறிஞ்சும் அழுத்தம் ஏறி ஏறிப் பம்ப் தானாக நின்றுவிட்டது. சேகரிப்புத் தொட்டி நிரம்பி மூடியைத் தூக்கியது. மேலே விருந்து மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி. கீழே நான் விடியும்வரை கழிவை உறிஞ்சி ஏற்றும் கலி பவுசர்காரருக்கு போன் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ, ஹோட்டலிலோ பால் தொழிற்சாலையிலோ, உங்கள் கையிலும் இப்படி ஒரு சாவி வந்திருந்தால் இது உங்களுக்குத்தான்.

அடிப்படை இவ்வளவுதான். கழிவுநீரைக் காற்றூட்டிய தொட்டியில் பாக்டீரியாக்கள் தின்கின்றன. பழைய பிளாண்டுகளில் சேறு அடியில் படிந்து தெளிந்த நீர் மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும். எம்.பி.ஆரில், அதாவது மெம்பிரேன் பயோரியாக்டரில், காத்திருப்பதில்லை, மெம்பிரேன் என்ற நுண்துளை வடிப்பான் வழியாக நீரை உறிஞ்சி எடுக்கிறோம். துளையின் அளவு 0.04 முதல் 0.4 மைக்ரோன் வரை. பாக்டீரியா ஏறத்தாழ ஒரு மைக்ரோன், அதனால் அது உள்ளே நின்றுவிடும். நின்றது எல்லாம் துளையின் வாயில்தான் நிற்கிறது, தொல்லை அங்கேதான். எங்களுடையது நூலிழை வகை: உள்ளே துளையுள்ள வெள்ளை இழைகள், இடியப்பத்தைக் கொத்தாகத் தொங்கவிட்டதுபோல. தட்டு வகை உங்களிடம் இருந்தால் சில இடங்களில் எண்கள் மாறும், அங்கங்கே சொல்கிறேன்.

1. முதல் வாரம் காகிதங்களுக்கு

தொட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையை ஒரு வாரம் அடக்கிக்கொண்டு ஒரு கோவை போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம், பின்னால் இணைத்த நிபந்தனைத் தாள்களோடு (முதல் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள், விடாதீர்கள்), மெம்பிரேன் உற்பத்தியாளரின் கையேடு, பிளாண்ட் தொடங்கிய அன்று சுத்தமான நீரை விட்டு அளந்த அழுத்தமும் பாய்ச்சலும், கடைசி மூன்று ஆய்வுகூட அறிக்கைகள், உத்தரவாதப் பத்திரம்.

தொடங்கிய நாளின் அந்த அளவுதான் புது மெம்பிரேனின் ஜாதகம். அது இல்லாமல் இன்று எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று சொல்ல வழியில்லை. எனக்கு அது கிடைக்கவில்லை, விற்ற நிறுவனத்துக்கு நான்கு முறை கடிதம் போட்டு வாங்கினேன்.

கையேட்டில் நான்கு எண்களைத் தேடி அடிக்கோடிடுங்கள்: தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம், குளோரினின் உச்ச அளவு, அமிலக் காரத்தன்மை எல்லை, வெப்பநிலை எல்லை.

உத்தரவாதத்தில் ஒரு பொறி உண்டு. தினசரிப் பதிவைக் காட்டாவிட்டால் செல்லாது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் பிளாண்டின் முதல் 14 மாதங்களுக்கு ஒரு தாளும் இல்லை.

2. கொழும்பு எண்களை மலைக்குக் கொண்டுவராதீர்கள்

நான் பட்ட பாட்டில் பாதி இதனால்தான்.

முதலாவது குளிர். தண்ணீர் குளிரக் குளிரத் தடிக்கும். 15 பாகையில் இருக்கும் நீர் 28 பாகை நீரைவிட ஏறத்தாழ 35 சதவீதம் பாகுத்தன்மை கூடியது. அதாவது ஒரே மெம்பிரேன், ஒரே பாய்ச்சல், அடைப்பே இல்லை, ஆனாலும் இங்கே அதே அளவுக்கு அழுத்தம் கூடுதலாகக் காட்டும். சனவரி விடியற்காலையில் மானியைப் பார்த்துப் பதறி, தேவையில்லாமல் இரண்டு தடவை குளோரின் விட்டுக் கழுவியவன் நான். குளிரில் பாக்டீரியாவும் மந்தமாகும், பிசுபிசுப்பான கழிவுகளை அதிகமாக வெளியே விடும், அது நிஜமான அடைப்பு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வெப்பமானி போதும். தொட்டிக்குள் தொங்கவிடுங்கள், வெளிச்சுவரில் மாட்டிப் பயனில்லை. வெந்நீர்க் குளியல் நிறைந்த ஹோட்டலின் கழிவுநீர் வெளிக்காற்றைவிடச் சூடாகவே இருக்கும்.

இரண்டாவது உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தொட்டிக்குக் காற்று ஊதும் புளோவர் அதே கன அளவைத்தான் தள்ளும், அதற்குள் இருக்கும் ஒக்சிசனும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கையேடு காற்றின் தேவையைக் கடல்மட்ட அழுத்தத்தில் உள்ள கன மீட்டராகச் சொல்லும், புளோவரின் தகட்டில் இருப்பதோ அது உறிஞ்சும் கன மீட்டர். இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் எங்கள் புளோவரைத் தெரிவு செய்திருந்தார்கள். உறிஞ்சும் பம்புக்கும் இதே கதை: கீழ்நாட்டில் தூக்குவதைவிட ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறைவாகத்தான் இங்கே தூக்கும். பம்பைத் தொட்டியைவிட உயரத்தில் வைத்திருந்தால் அது காற்றுக் குமிழோடு இருமும். மெம்பிரேன் அடைத்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

3. தினமும் ஒரே நேரத்தில் நான்கு எண்கள்

பாய்ச்சல், அழுத்தம், வெப்பநிலை, சேற்றின் அடர்த்தி. முதல் மூன்றும் தினமும், நான்காவது வாரம் இரண்டு தடவை. காலை ஏழு மணி என்றால் எப்போதும் ஏழு மணி.

அழுத்தத்தை எடுக்கும்போது, பம்ப் நிற்கும் நிமிடத்தில் மானி என்ன காட்டுகிறது என்று பார்த்து, ஓடும்போது காட்டுவதிலிருந்து கழியுங்கள். மானி இருக்கும் உயரத்தால் வரும் பொய் அப்போதுதான் போகும்.

பிறகு ஒரு வகுத்தல். எங்கள் மெம்பிரேன் 160 சதுர மீட்டர். மணிக்கு 2,400 லீட்டர் எடுத்தால் சதுர மீட்டருக்கு 15 லீட்டர். அழுத்தம் 12 கிலோபாஸ்கல் என்றால் 15ஐ 12ஆல் வகுத்து 1.25. தண்ணீர் 14 பாகையில் இருந்தால், 20 பாகைக்குக் குறையும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 2.5 சதவீதம் கூட்டுங்கள்: ஆறு பாகை, 15 சதவீதம், விடை 1.44. இதுதான் ஊடுவிடுதிறன். குளிரின் பங்கைக் கழித்துவிட்ட நிஜ எண் இது.

இதைச் சதுரத் தாளில் புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டுங்கள். மெதுவாகச் சரிந்தால் வழக்கமான அடைப்பு, வாராந்தரக் கழுவலில் மீளும். ஒரே நாளில் செங்குத்தாக விழுந்தால் மேலே இருந்து ஏதோ வந்திருக்கிறது: எண்ணெய், இரசாயனம், அல்லது காற்று நின்றிருக்கிறது. அழுத்தத்தை மட்டும் எழுதிவைத்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது, ஏனென்றால் பாய்ச்சலைக் குறைத்து அழுத்தத்தை அழகாகக் காட்டிவிடலாம். எங்களில் ஒருவர் மாதக்கணக்கில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். தொட்டி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது.

4. மெம்பிரேனைத் தொடுமுன் குசினிக்குப் போங்கள்

அடைப்பின் காரணம் பத்தில் ஏழு முறை தொட்டிக்கு வெளியேதான் எனக்கு அகப்பட்டிருக்கிறது. இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

*எண்ணெய்.* தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையும். நம் ஊரில் போத்தலுக்குள் அது எப்போதும் வெள்ளைக் கட்டிதான், காலையில் அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்ப்போம். அப்படியானால் குசினி நீரிலிருந்து எண்ணெயைப் பிடிக்கும் கிரீஸ் ட்ரப்பில் எண்ணெய் நன்றாக உறைந்து பிடிபட வேண்டுமே? பிடிபடாது. பாத்திரம் கழுவும் இயந்திரம் கொதிநீரும் சவர்க்காரமும் சேர்த்து விடுகிறது. எண்ணெய் உருகிக் கரைந்து ட்ரப்பைத் தாண்டிப் போய், குளிர்ந்த குழாயிலும் தொட்டியிலும் உறைகிறது. மெம்பிரேன் இழையில் படிந்தால் விரலில் மெழுகு தடவியதுபோல் இருக்கும். குளோரின் அதை அசைக்காது.

செய்ய வேண்டியது: ட்ரப் இரண்டு அறையாக, குறைந்தது அரை மணி நேரம் நீர் தங்கும் அளவில் இருக்கட்டும். சீசனில் தினமும், மற்ற நாளில் வாரம் இரு முறை அள்ளுங்கள். அள்ளியதற்குக் கையெழுத்துத் தாள் ஒன்றைக் குசினிச் சுவரில் தொங்கவிடுங்கள். எங்கள் செஃப் முதலில், "அண்ணே, இது என் வேலையா?" என்று கேட்டார். அவரைக் கீழே கூட்டிப்போய்த் தொட்டி மூடியைத் திறந்து காட்டினேன். அடுத்த நாளிலிருந்து பொரித்த எண்ணெய் தனிக் கேனுக்குப் போகிறது.

*லோண்ட்ரி.* துணியை மென்மையாக்கும் திரவங்களில் நேர்மின்னேற்றமுள்ள பொருள் இருக்கும். மெம்பிரேனின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னேற்றம். ஒட்டிக்கொள்ளும். முழுக்க நிறுத்தச் சொல்லி மெனேஜரிடம் சண்டை போடத் தேவையில்லை. அளவுக் குவளை கொடுங்கள், ஒரே நேரத்தில் எல்லா இயந்திரமும் நீரை விடாதபடி நேரம் பிரியுங்கள்.

நுரை பொங்கினால் நுரைக்கொல்லி வாங்கி ஊற்றச் சொல்வார்கள். சிலிக்கோன் கலந்ததை எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். படிந்தால் போகாது. நீரைத் தெளித்து நுரையை அமர்த்துங்கள், அல்லது சிலிக்கோன் இல்லாதது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வாங்குங்கள்.

*வடிதட்டு.* கழிவுநீர் மெம்பிரேனுக்குப் போகுமுன் குப்பையைத் தடுக்கும் துளைத் தட்டு இது. துளை நூலிழை வகைக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர், தட்டு வகைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். துளை வட்டமாக இருக்க வேண்டும். நீள்பிளவுத் தட்டில் முடி நிமிர்ந்து நின்று நழுவிப் போய்விடும். அந்த ஏப்ரலில் நடந்ததை இப்போது சொல்லலாம். சீசன் நெரிசலில் வடிதட்டு அடிக்கடி நிரம்பி வழிந்ததால், இரவுப் பணியிலிருந்த பையன் வடிதட்டைச் சுற்றி நீரை விடும் பக்கவழி வால்வைத் திறந்து வைத்திருக்கிறான். நல்ல மனதோடுதான் செய்தான். சங்கிலித் தூக்கியால் மொடியூலை (இழைக் கொத்துகள் பொருத்திய சட்டத்தை) மேலே எடுத்தபோது இழைகளுக்கு நடுவே தொங்கியது ஒரு முழ நீளச் சடை. பின்னியது யார் என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு இறுக்கம்: தலைமுடி, டிஷ்யூ நார், இடையிடையே தேயிலைப் பைகளின் நூல், சிலவற்றின் நுனியில் லேபிள்கூடக் கிழியாமல். தேயிலை நாட்டு ஹோட்டல் அல்லவா. கத்தரிக்கோலை நெருங்கவிடாமல் கையாலேயே பிரித்தோம், இரண்டு பேருக்கு ஒன்றரை நாள். ஓர் இழை அறுந்தாலும் சேறு நேரே வெளிநீருக்குள் வந்துவிடும்.

இப்போது அந்த வால்வில் பூட்டு இருக்கிறது. சாவி என்னிடம்.

5. சேறு: கஞ்சியாகவும் வேண்டாம், கூழாகவும் வேண்டாம்

லீட்டருக்கு 8 முதல் 12 கிராம் என்ற அடர்த்தியில் வைத்திருங்கள். 15ஐத் தாண்டினால் கூழாகி, காற்றுக் குமிழ் இழைகளைத் துடைக்க முடியாமல் பிரிந்து போகும். ஐந்துக்குக் கீழே போனால் நுரைக்கும், நுண்ணிய பிசின் நேரே மெம்பிரேனில் ஏறும். "அடர்த்தி குறைந்தால் அடைப்பும் குறையும்" என்று நம்பி நான் ஒரு தடவை பாதிச் சேற்றை வெளியேற்றினேன். இரண்டு வாரம் அழுத்தம் இறங்கவே இல்லை.

ஆய்வுகூடம் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று: 50 மில்லிலீட்டர் சேற்றை மடித்த வடிதாளில் ஊற்றி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு வடிகிறது என்று பாருங்கள். 10 மில்லிலீட்டருக்கு மேல் வந்தால் நல்ல சேறு. 5க்குக் கீழே என்றால் மெம்பிரேனிலும் அதுதான் நடக்கப்போகிறது, ஒரு வாரம் முன்கூட்டியே தெரிந்துவிடும். எப்போதும் ஒரே தரத்து ஆய்வுகூட வடிதாளையே வாங்குங்கள், தாள் மாறினால் எண் மாறும்.

சேற்றை ஏற்றிச்செல்லும் கலி பவுசருக்குச் சீசனில் வரிசை நீளம், மார்ச் முடியுமுன் சொல்லிவையுங்கள். எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்ற விவரத்தோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். அனுமதிப்பத்திரப் பரிசோதனைக்கு வருபவர்கள் அதைக் கேட்பார்கள்.

6. காற்றில்லாமல் உறிஞ்சாதீர்கள்

ஒன்பது நிமிடம் உறிஞ்சல், ஒரு நிமிடம் ஓய்வு. ஓய்வில் காற்று மட்டும் ஓடும், படலம் தளர்ந்து விழும். அவசரத்துக்கு என்று ஓய்வை வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது பம்ப் முதலில் கிளம்பிப் புளோவர் பின்னால் வந்தால், அந்தச் சில நிமிடங்களில் சேறு இழையில் அப்பிக்கொள்ளும். புளோவர் ஓடாவிட்டால் பம்ப் ஓடக்கூடாது என்று பனலில் இணைப்புப் போடச் சொல்லுங்கள். ஒரு ரிலேயும் ஓர் எலெக்ட்ரிசியனின் அரை நாளும்தான் செலவு.

7. கழுவுதல்: அளவு, ஒழுங்கு, சூடு

வாரம் ஒருமுறை இலேசான கழுவல். 500 பி.பி.எம். (லீட்டருக்கு 500 மில்லிகிராம்) குளோரின் கரைசல் 300 லீட்டர் வேண்டுமென்றால் 150 கிராம் குளோரின் தேவை. 10 சதவீத ஹைப்போகுளோரைட்டில் அது ஒன்றரை லீட்டர். ஆனால் கேனில் எழுதியிருக்கும் 10 சதவீதம் தயாரித்த அன்றைக்கு உரியது, நாள் ஆக ஆக இறங்கும். மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள், தயாரிப்புத் திகதி இல்லாத கேனைத் திருப்பி அனுப்புங்கள்.

வருடம் இரண்டு முறை முழுக் கழுவல்: தொட்டியை வெறுமையாக்கி 1,000 பி.பி.எம். கரைசலில் ஊறவைப்பது. 2,000 லீட்டர் தொட்டிக்கு 10 சதவீத திரவம் 20 லீட்டர். ஆறு மணி நேரம் ஊறல், பிறகு நல்ல தண்ணீர். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு முழு நாள் பிளாண்ட் நிற்கும், அந்த ஒரு நாள் கழிவுநீரைத் தாங்கச் சேகரிப்புத் தொட்டியில் இடம் இருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள். நான் மார்ச் நடுப்பகுதியில் ஒன்று, செப்தெம்பரில் ஒன்று வைத்திருக்கிறேன்.

யாரும் எனக்குச் சொல்லித்தராதது: கரைசலின் சூடு. விடியற்காலை 12 பாகைத் தண்ணீரில் குளோரின் சோம்பேறி. கொதிகலனிலிருந்து வெந்நீர் கலந்து 30 பாகைக்குக் கொண்டுவந்து ஊறவைத்தபோது, அதே அளவு மருந்தில் முன்பு மீளாத ஊடுவிடுதிறன் மீண்டது. கையேட்டின் எல்லையைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் 40 பாகை.

குளோரின் பிசினுக்கும் பாக்டீரியாப் படலத்துக்கும். சிட்ரிக் அமிலம் சுண்ணாம்புக்கும் இரும்புக்கும். விற்பவர்கள் இரண்டையும் சமமாக எழுதிக்கொடுப்பார்கள். மலை ஊற்று நீர் மென்மையானது, சுண்ணாம்பு அவ்வளவு படியாது, எங்களுக்கு அமிலம் வருடத்துக்கு ஒருமுறை போதுமாக இருக்கிறது. குழாய்க்கிணற்று நீரில் இரும்பு இருந்தால் உங்கள் கணக்கு வேறு.

இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒன்றை விட்டால் முழுக்க அலசிய பிறகே மற்றது. கலந்தால் வருவது குளோரின் வாயு, காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். பனிக்கும் குளிருக்கும் பயந்து கதவை இறுக்கிச் சாத்திவைக்கும் நம் பிளாண்ட் அறைகளில் அது வெளியே போக வழியே இருக்காது. கழுவும் நாளில் குளிரட்டும் பரவாயில்லை, கதவுகள் திறந்திருக்கட்டும், இரண்டு பேர் இருக்கட்டும். கழுவிய நீரை அப்படியே காற்றூட்டும் தொட்டிக்குத் திருப்பினால் பாக்டீரியா செத்துவிடும். சோடியம் தயோசல்பேற்றால் குளோரினை முறித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

8. அனுமதிப்பத்திரமும் ஆய்வுகூடமும்

புதுப்பிக்கும் விண்ணப்பத்தை நான் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுகிறேன். ஆற்றில் அல்லது ஓடையில் விடும் நீருக்கு எங்கள் பத்திரத்தில் உள்ள எல்லைகள்: பி.ஓ.டி. (மிச்சக் கழிவைப் பாக்டீரியா தின்னத் தேவைப்படும் ஒக்சிசன்) லீட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (அதை இரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஒக்சிசன்) 250, நீரில் கலந்து மிதக்கும் திண்மம் 50. உங்கள் பத்திரத்தின் நிபந்தனைத் தாளில் இருப்பதுதான் உங்களுக்குச் சட்டம், அடுத்த ஹோட்டலுடையது அல்ல.

பி.ஓ.டி. சோதனைக்கே ஐந்து நாள் வேண்டும். வாரத்தின் தப்பான நாளில் மாதிரியைக் கொண்டுபோனால் ஐந்தாம் நாள் ஞாயிறு ஆகும், சில ஆய்வுகூடங்கள் வாங்க மாட்டா. போயா தினமும் குறுக்கே வரும். முன்கூட்டிப் போன் செய்து நாளைக் கேளுங்கள். மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். கண்டிக்குப் போகும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன், பக்கத்திலிருந்தவர் மீனா என்று கேட்டார்.

மெம்பிரேன் நல்லபடியாக இருந்தால் திண்மம் ஏறத்தாழ பூச்சியமாக வரும். 10 என்று வந்தாலே எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று சும்மா இருக்காதீர்கள். எங்கோ ஓர் இழை அறுந்திருக்கிறது.

9. மாற்ற வேண்டிய நாள்

முழுக் கழுவலுக்குப் பிறகும் ஊடுவிடுதிறன் ஆரம்ப அளவின் பாதியைத் தொடவில்லை என்றால் விலைப்பட்டியல் கேட்கத் தொடங்குங்கள். நன்றாகப் பார்த்தால் ஏழெட்டு வருடம் உழைக்கும். விலையை இங்கே எழுதப்போவதில்லை. டொலரோடு சேர்ந்து மாறும், நான் எழுதியது நீங்கள் படிக்கும்போது பொய்யாகிவிடும். விலைமனு வந்ததும் அதை ஏழால் வகுத்து வருடாவருடம் பட்ஜெட்டில் போடச் சொல்லுங்கள். 2022இல் டொலர் தட்டுப்பாட்டில் வங்கிகள் இறக்குமதிக்கான கடன்கடிதம் (எல்.சி.) திறக்கத் தயங்கியபோது, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே எட்டு மாதம் காத்திருந்தோம். சாதாரண நாளிலும் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைமனுவில் போக்குவரத்து, சுங்கவரி, பொருத்தும் கூலி மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று வரிக்கு வரி கேளுங்கள். எங்களுக்கு மூன்றாவது சேரவில்லை.

பெட்டி வந்ததும் ஆர்வத்தில் உடைக்காதீர்கள். புது இழை காயாமல் இருக்க உள்ளே கிளிசரின் ஊட்டிப் பொதி செய்திருப்பார்கள். பழையதைக் கழற்றித் தொட்டியைக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகு, அந்த நீருக்குள் இறக்கும் அன்று காலைதான் பொதியைத் திறக்க வேண்டும். ஒருமுறை நனைந்த மெம்பிரேன் பிறகு காய்ந்தால் துளைகள் சுருங்கிவிடும், திரும்ப நனைத்தாலும் வராது. இறக்கி முதல் ஒரு மணி நேரம் சுத்தமான நீரிலேயே ஓடவிட்டு, பாய்ச்சல், அழுத்தம், வெப்பநிலை மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டு, சுங்கப் பத்திரத்தின் பிரதியோடு முதல் வாரம் போட்ட அந்தக் கோவைக்குள் வையுங்கள்.